கரைக்கு அங்கால

இது நடந்தது. யாரோ சொல்லி நான் கேட்ட கதை இல்லை. கனவும் இல்லை. அந்தக் கதிரையில் நான் இருந்தேன். தட்டச்சுப் பலகையில் இருந்தது என் கை. மஹ்மூது நானா இன்றைக்கும் தாராபுரத்தில்தான் இருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டால், "அந்தக் கதைய விடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் நடக்கவில்லை என்று சொல்லமாட்டார்.

2012 செப்டெம்பர். சண்டை முடிந்து மூன்று வருடம். எனக்கு இருபத்தைந்து வயது. பெயர் ஜெனிஸ்ரா. ஊர் ஓலைத்தொடுவாய். பல்கலைக்கழகத்தில் வகுப்புகள் எல்லாம் முடிந்து, கடைசி வருட ஆய்வுக் கட்டுரை மட்டும் மிச்சமிருந்தது. வீட்டிலிருந்து அதை எழுதிக்கொண்டு, காலையில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குத் தொண்டர் ஆசிரியையாகப் போய்வந்தேன்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பயம் இல்லை. அலுப்பு. காலையில் நாற்பது பிள்ளைகளோடு கத்தித் தொண்டை கட்டிப் போயிருக்கும். மத்தியானம் சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கும். பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காது. தாராபுரத்தில் இறங்கும்போது கண்ணுக்குள் மணல், காலுக்குள் மணல், வாய்க்குள்ளும் மணல். இரவு வீட்டுக்கு வந்தால் அம்மா வைத்த சோற்றைக் கோப்பையோடு மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவேன்.

தாராபுரத்தில் அப்போது ஒரு சின்ன வாசிப்பு நிலையம் இருந்தது. ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் பழைய களஞ்சியம் ஒன்றைத் திருத்தி நான்கு கணினிகள் வைத்துக் கொடுத்திருந்தது. இரண்டு வேலை செய்யும். அதைப் பார்த்துக்கொண்டவர்தான் மஹ்மூது நானா. தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனங்களோடு ஊரைவிட்டுப் போகவேண்டி வந்து, புத்தளத்தில் இருபது வருடம் கிடந்து திரும்பி வந்தவர். அதிகம் பேசமாட்டார். நான் வந்தால் யன்னலோரக் கணினியைக் கையால் காட்டுவார். அவ்வளவுதான்.

பல்கலைக்கழகம் எங்களுக்கு இணைய நூலகம் ஒன்றுக்குக் கடவுச்சொல் தந்திருந்தது. பழைய பத்திரிகைகள், அறிக்கைகள், வெளிநாட்டு மாணவர்களின் ஆய்வேடுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. சரியான சொல்லைப் போட்டுத் தேடத் தெரிந்தால் கிடைக்கும். தெரியாவிட்டால் நாள் முழுக்கத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. எனக்குத் தேடத் தெரியும். அந்த ஒரு வேலையில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பும் இருந்தது.

என் ஆய்வு, தொண்ணூறில் எங்கள் கரையிலிருந்து இந்தியாவுக்குப் போன வள்ளங்களைப் பற்றியது. நான் தற்செயலாக எடுத்த தலைப்பு இல்லை.

அந்த வருடம் சண்டை மூண்டபோது எனக்கு மூன்று வயது. அம்மா பிரான்சிஸ்கா என்னைத் தூக்கிக்கொண்டு ஒரு வள்ளத்தில் ஏறினார். அப்பா லோறன்ஸ், வலைகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த நாள் யாகப்பர் என்பவருடைய வள்ளத்தில் வருவதாகச் சொல்லிக் கரையில் நின்றார். அந்த வள்ளம் வரவில்லை. அப்பாவும் வரவில்லை. நாங்கள் மண்டபம் முகாமில் பதின்மூன்று வருடம் இருந்துவிட்டுச் சமாதான காலத்தில் ஊருக்குத் திரும்பினோம். ஊரிலும் ஒரு தகவலும் இல்லை.

கடலில் செத்துப்போனவர்களுக்கெல்லாம் மாதா கோவிலில் பூசை வைப்பார்கள். அம்மா வைக்கவில்லை. பங்குச் சுவாமி வந்து கேட்டும் வைக்கவில்லை.

"செத்த ஆளுக்குத்தானே பூசை, சுவாமி. இவர் செத்ததை ஆர் கண்டது?"

அதற்குமேல் அவரோடு யாரும் பேச முடியாது.

ஒரு திங்கட்கிழமை அந்தச் செய்தி எனக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டில் அந்தக் காலத்தில் வந்த ஒரு பத்திரிகை. பக்கங்களைப் படம்பிடித்து ஏற்றியிருந்தார்கள். நான்கே வரி. மன்னார்த் தீவிலிருந்து வந்த யாகப்பர் என்பவரின் வள்ளம் மணல் திட்டுகளுக்குப் பக்கத்தில் கவிழ்ந்தது. பதினொரு பேர் பலி. செத்தவர்களின் பெயர்கள் இல்லை. எழுதியவரின் பெயரும் இல்லை.

நான் அழவில்லை. அச்செடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அம்மாவிடம் காட்டவும் இல்லை. காட்டினால் என்ன கேட்பார் என்று தெரியும்.

என்னை மேற்பார்வை செய்தவர் சிங்கராசா சேர். தொலைபேசியில் அவரும் அதையேதான் கேட்டார்.

"ஆர் எழுதினது, பிள்ளை? அவர் கண்டவரோ, ஆரும் சொல்லிக் கேட்டவரோ?"

"தெரியாது சேர்."

"தெரியாட்டி வைச்சு எழுதேலாது. வேற ஆதாரம் ஒண்டு தேடுங்கோ. கிடைக்காட்டி அதை வெட்டுங்கோ. மாதக் கடைசியில கட்டுரை என்ர மேசையில இருக்கவேணும். பிந்தினால் இந்த வருசம் பட்டம் இல்லை."

வெட்டச் சொன்னார். அந்த நான்கு வரிக்குள்தான் என் அப்பா இருந்தார்.

புதன்கிழமை பின்னேரம் நான் போனபோது வாசிப்பு நிலையத்தில் ஒருவரும் இல்லை. எப்போதும் கணினி விளையாட்டுக்காகச் சண்டைபிடிக்கும் பொடியன்கள்கூட இல்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். மஹ்மூது நானா வாசலில் யாருடனோ நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் யன்னலோரக் கணினியைப் போட்டு, செய்தியைத் திறந்தேன்.

அந்த இணைய நூலகத்தில் திரையின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. 'நூலகரிடம் கேளுங்கள்' என்றிருக்கும். கேள்வி எழுதினால் எங்கோ இருக்கும் நூலகர் ஒருவர் பதில் எழுதுவார். எப்போதும் ஆங்கிலத்தில், இரண்டு வரி. மூளை வேலை செய்யாத அலுப்பில் நான் தமிழிலேயே எழுதினேன்.

"இந்தச் செய்தியை எழுதியவர் யார் என்று அறிய முடியுமா?"

புள்ளிகள் ஓடின. யாரோ எழுதுகிறார் என்று அர்த்தம்.

"எழுதினவர் கடலுக்கு வரேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் பக்கத்து ஆள் ஒருவரை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்!

"நீங்கள் மன்னாரோ?"

"ஓம்."

"எழுதினவர் வரேல்லை எண்டால் அவருக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பலகை ஒண்டு கரையில ஒதுங்கினது. யாகப்பற்ற பெயர் அதில இருந்தது. அதைப் பாத்து எழுதினது."

நான் நிமிர்ந்து இருந்தேன். இதுதான் எனக்கு வேண்டியது. பேனையைத் தேடி எடுத்துக் குறித்துக்கொண்டேன். தட்டச்சுப் பலகை பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. பொடியன்கள் எதையோ ஊற்றிவிட்டார்கள் என்று பாவாடையில் விரல்களைத் துடைத்தேன்.

"அப்ப பதினொரு பேர் எண்டது பிழையோ?"

"அது குத்துமதிப்பா எழுதினது. ஆனாலும் சரி. செத்தது பதினொண்டு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

புள்ளிகள் ஓடின… நின்றன… திரும்ப ஓடின.

"நாளைக்கும் வாங்கோ."

அவ்வளவுதான். பெட்டி தானாக மூடிக்கொண்டது. மஹ்மூது நானா கதவைப் பூட்டத் திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன தங்கச்சி, கட்டுரை எழுதினீங்களா?"

"இல்லை நானா. நெற்றில ஒண்டு தேடினனான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"இண்டைக்கு நெற் இல்லையே. டவர் பிழையாம். காலைல இருந்து இல்ல. அதுதானே பொடியனுகளும் வரல்ல."

சுவரோரம் பார்த்தேன். றவுட்டரில் ஒரு வெளிச்சமும் இல்லை.

இடையில் வந்து போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அந்த அலுப்பில் அதற்குமேல் யோசிக்கத் தெம்பில்லை. பஸ்ஸில் நின்றபடியே தூங்கினேன். இறங்கும்போதுதான் விரல்களில் ஏதோ வெள்ளையாகக் காய்ந்திருப்பதைக் கண்டேன். நக்கிப் பார்த்தேன். உப்பு.

வியாழக்கிழமை இணையம் வந்துவிட்டது. பொடியன்களும் வந்துவிட்டார்கள். இரண்டு கணினிக்கும் சண்டை. எனக்கு இடம் கிடைக்கும்போது ஐந்தரை ஆகிவிட்டது. கொஞ்சநேரத்தில் அவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. மஹ்மூது நானா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

"தொழுதுட்டு வாறன். பாத்துக்கோங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நான் செய்தியைத் திறந்தேன். பெட்டியைத் தொடவில்லை. அது தானாகத் திறந்தது.

"வந்தனீங்களோ."

எனக்குக் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்தது. ஆனாலும் எழுதினேன். யாராவது ஒருவர் இதைக் கண்ணால் கண்டிருந்தால், அது போதும். கட்டுரைக்கும் போதும். அம்மாவுக்கும் போதும்.

"நேற்று நான் கேட்டதுக்குப் பதில் சொல்லேல்லை. பதினொரு பேர் எண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வள்ளத்தில வந்தனாங்கள்."

எழும்பிவிட்டேன். திரும்ப இருந்தேன். பயத்தில் இல்லை, சந்தோசத்தில். அந்த வள்ளத்தில் இருந்தவர்! உயிரோடு! இருபத்திரண்டு வருடமாக யாருக்கும் கிடைக்காத சாட்சி!

"நீங்கள் தப்பிட்டீங்களோ?" என்று எழுதினேன்.

புள்ளிகள் ஓடின.

வெகுநேரம் ஓடின.

"இல்லை."

அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்துப் பிழை என்று நினைத்தேன். என் கேள்வி விளங்கவில்லை என்று நினைத்தேன். அதற்குள் அடுத்த வரி வந்தது.

"ஏறினது பன்னிரண்டு. தப்பினது ஒராள்."

"ஆர்?"

"லோறன்ஸ்."

டக்.

கரண்ட் போனது.

தலைக்குமேல் மின்விசிறி சுற்றிச் சுற்றி மெதுவாகி நின்றது. றவுட்டரின் பச்சை வெளிச்சம் அணைந்தது. மேசைக்குக் கீழிருந்த யூ.பி.எஸ். பெட்டி கத்தத் தொடங்கியது. பீப்… பீப்… அது இருந்ததால் என் திரை மட்டும் அணையவில்லை. அந்த அறை முழுவதற்கும் அந்த ஒரு வெளிச்சம்தான்.

பெட்டிக்குள் புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இணையம் இல்லை. எனக்குத் தெரியும், இல்லை. றவுட்டர் என் கண்முன்னால் செத்துக் கிடக்கிறது. ஆனாலும் வரிகள் வந்தன.

"வள்ளம் தீடையில தட்டினது."

தீடை என்றால் கடல் நடுவில் தலைகாட்டும் மணல் திட்டு.

"லோறன்ஸ் இறங்கித் தள்ளினவர்."

"வள்ளம் மிதந்தது."

"அவர் பிறகு ஏறேல்லை."

பீப்… பீப்…

"நாங்கள் கூப்பிட்டனாங்கள்."

"பிள்ளையளும் கூப்பிட்டதுகள்."

"கையைக் காட்டிக்கொண்டு நிண்டவர்."

அப்பா ஏன் ஏறவில்லை என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பாரம் குறையட்டும் என்று நின்றாரா? வள்ளம் தாங்காது என்று தெரிந்து தன் உயிரை மட்டும் பார்த்தாரா? அந்தக் கையைப் போ என்று காட்டினாரா, வா என்று காட்டினாரா? அன்றைக்கு அதையெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. என் தலைக்குள் ஒன்றுதான் இருந்தது. அப்பா சாகவில்லை.

"இப்ப அவர் எங்கை?" என்று எழுதினேன்.

"அதைத்தான் நாங்களும் கேக்கிறம்."

எங்கோ தண்ணீர் அடிக்கும் சத்தம் கேட்டது. மரப் பலகையில் தண்ணீர் தட்டுவதுபோல. சளப்… சளப்… வெளியிலா, உள்ளேயா என்று தெரியவில்லை. அந்த இடத்திலிருந்து கடல் கேட்காது.

"தலைமன்னார் பாத்திட்டம். பேசாலை பாத்திட்டம். இராமேஸ்வரம், தங்கச்சிமடம், தொண்டி. கரையெல்லாம் பாத்திட்டம்."

"கரைக்கு அங்கால எங்களுக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தேடத் தெரியும்."

"தேடித் தாங்கோ."

ஓடியிருக்கவேண்டும். இதை வாசிக்கிற நீங்கள் ஓடியிருப்பீர்கள். நான் ஓடவில்லை. அப்பா இருக்கிறார் என்று இருபத்திரண்டு வருடத்தில் முதன்முதலாக ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அது யார் என்பது அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

தேடும் கட்டத்தில் லோறன்ஸ் என்று போட்டேன். ஊரின் பெயரையும் போட்டேன். ஒன்றும் வரவில்லை. அதற்கு முன்பும் பல தடவை போட்டுப் பார்த்ததுதான்.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. மண்டபம் முகாமில் எங்கள் குடும்ப அட்டையில் அப்பாவின் பெயரை அந்தப் பக்கத்து எழுத்தில்தான் எழுதியிருந்தார்கள். அங்கே ஒருவரும் லோறன்ஸ் என்று எழுதுவதில்லை.

லாரன்ஸ் என்று தேடினேன்.

ஒன்று வந்தது. ஒன்றே ஒன்று.

தமிழ்நாட்டில் ஒரு கல்லூரி மாணவி செய்த ஆய்வேடு. முகாம்களுக்கு வெளியே வாழும் இலங்கை அகதிகளைப் பற்றியது. பக்கம் திறந்தது. இணையம் இல்லாமல், திறந்தது.

'லாரன்ஸ், வயது 56. சொந்த ஊர் மன்னார்த் தீவில் ஓலைத்தொடுவாய். மீன்பிடித் தொழில் செய்தவர். வலைக்கயிறு கொண்டுபோனது என்று சுண்டுவிரல் இல்லாத வலது கையைக் காட்டினார். கரூருக்கு மேற்கே ஒரு கல்குவாரியில் காவலாளி. குடும்பம் இல்லை என்கிறார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒருமுறைகூடக் கடல் பக்கம் போனதில்லை என்கிறார். ஏன் என்று கேட்டதும் எழுந்து போய்விட்டார்.'

அந்த விரலைப் பற்றி அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார்.

குடும்பம் இல்லை என்கிறார்… அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். கண் கலங்கி எழுத்துகள் மறைந்தன. துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன்.

அப்போதுதான் கேட்டது.

என் இடது காதுக்குப் பக்கத்தில்.

"க…"

சின்னக் குரல். பிள்ளைக் குரல்.

"க… ரூ…"

முதலாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும் குரல். நான் ஒவ்வொரு நாளும் காலையில் கேட்கும் அதே மாதிரி. விரலை வைத்து வைத்து.

"க… ரூ… ர்."

நான் திரும்பவில்லை.

திரும்ப முடியவில்லை.

கழுத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டது. உப்பு மணத்தது. பாசி மணத்தது.

"கரூர்." பின்னால் ஒரு பெண்.

"கரூர்." ஒரு ஆண்.

"கரூர்… கரூர்… கரூர்…" எத்தனை குரல் என்று தெரியவில்லை. ஒருவர் ஒருவருக்குச் சொல்வதுபோல. மறந்துவிடக் கூடாது என்பதுபோல.

பீப். பீப். பீப். பீப்.

பீப்ப்ப்ப்…

திரை அணைந்தது.

இருட்டு.

சளக்… சளக்… ஈரக் கால்கள். பல கால்கள். என்னைத் தாண்டி, கதவுப் பக்கம். கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

பிறகு ஒன்றும் இல்லை.

மஹ்மூது நானா டோர்ச் லைற்றோடு வந்தபோது நான் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேனாம். எனக்கு நினைவில்லை. அவர் வெளிச்சத்தைத் தரையில் அடித்தார். தரை முழுக்க ஈரம். நடுவில் என் கதிரையைச் சுற்றி மட்டும் மணல் ஒரு வட்டமாகக் கிடந்தது.

"எல்லாரும் போயிட்டாங்களா?" என்றார்.

"ஆர் நானா?"

"உங்கட வகுப்புப் புள்ளைகள்தான். தொழுதுட்டு வரக்குள்ள யன்னலால கண்டேன். உங்களச் சுத்திச் சனமா நிண்டுது. பெரியாக்களும் நிண்டாங்க. பாடம் நடக்குதாக்கும், குழப்பக்கூடாதெண்டு கடையடியில நிண்டுட்டு வாறன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். டோர்ச்சைத் திரும்பத் தரையில் அடித்தார். பிறகு வாய்க்குள் ஏதோ ஓதத் தொடங்கினார். என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிடும்வரை அவர் ஓதுவதை நிறுத்தவில்லை.

அந்த மாதக் கடைசியில் நான் கட்டுரை கொடுத்தேன். யாகப்பருடைய வள்ளம் அதில் இல்லை. வெட்டிவிட்டேன். சிங்கராசா சேர் ஏன் என்று கேட்கவில்லை. பட்டம் கிடைத்தது. அந்த வாசிப்பு நிலையத்துக்குள் நான் பிறகு காலடி வைக்கவில்லை.

ஆனால் அந்த ஆய்வேடு உண்மையானது. அந்த வியாழனுக்கு மறுநாளே பட்டணத்தில் ஒரு இணையக் கடையில் போய்த் தேடிப் பார்த்தேன். அதே பக்கம், அதே வரிகள். எழுதிய மாணவியின் கல்லூரிக்குத் தொலைபேசி எடுத்து, அவரைக் கண்டுபிடித்து, அவர் மூலமாகக் குவாரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு அம்மாவின் தொலைபேசி எண்ணைப் பெறுவதற்கு ஒரு கிழமை எடுத்தது. அந்த ஒரு கிழமையும் அப்பாவிடம் முதலில் என்ன கேட்பது என்று நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா இறந்துவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். இவ்வளவு காலமும் இந்தியாவில் இருந்தவர், இப்போதுதான் இறந்தார் என்று. அம்மா வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் கண்டவர் என்றேன். நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பூசைக்குச் சொல்ல எழுந்து கோவிலுக்குப் போனார்.

அம்மாவுக்கு நான் சொன்னது பாதிதான். மிச்சத்தை யாருக்கும் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன்.

தொலைபேசியை எடுத்த அந்தக் குவாரிப் பக்கத்து அம்மா என்னை யார் என்று கேட்டார். தெரிந்தவர்கள் என்று மட்டும் சொன்னேன்.

"தவறிட்டாருங்களே. போன வியாழக்கெழம. வெளக்கு வைக்கிற நேரமுங்க. கட்டில்லயே கெடந்தாரு. துணிமணி, பாய், தலகாணி எல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். நெஞ்சுக்குள்ள தண்ணின்னு டாக்டரு சொன்னாரு. அதும் உப்புத் தண்ணியாமா. இங்க எங்கீங்க உப்புத் தண்ணி? குடிக்கவே லாரியிலதான் வருது."

அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார்.

"அன்னிக்குத்தான் மொதத்தடவையா அவரத் தேடி ஆளுங்க வந்தாங்க. ஊர்க்காரங்கன்னாங்க. பொம்பளைங்க, கொழந்தைங்கன்னு ஒரு கூட்டம். மழையே இல்லீங்க, எல்லாரும் நனைஞ்சிருந்தாங்க. இத்தன வருசமா யாருமே வராத எடமாச்சே, எப்படிங்க கண்டுபுடிச்சு வந்தீங்கன்னு கேட்டேன். அதுல ஒரு சின்னப் பொண்ணு, 'அவற்ற மகள் தேடித் தந்தவ' அப்படின்னுச்சு."

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏனுங்க… அவருக்கு மக இருக்குதுங்களா?"